உயிரின் வழித்தடங்களும் விடை சொல்லும் படங்களும்



சென்னையினின்று ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையை நம்மில் பலர் அறிவோம். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 2022-ஆம் ஆண்டுவரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, அவ்வாண்டு திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த நாகலாபுரத்தில் நின்று ஒருவர், "திருப்பதிக்கு வழி யாது?" என்று வினவினால், ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் போதும். ஆனால், "இச்சாலையில் ஒரு பாலம் உடைந்துவிட்டால் யாது செய்வது?" என்று வினவினால், பெயர் வரிசை விடை தராது, படம் வேண்டும். சென்னையினின்று திருவள்ளூர், திருத்தணி, நகரி வழியாகவும் புத்தூரை அடையலாம் என்பதைப் படம் காட்டும். ஊத்துக்கோட்டைச் சாலை அடைபட்டாலும் மற்றைச் சாலையில் வண்டிகள் ஓடும். புத்தூருக்கு அப்பால் அடைபட்டாலோ இரு சாலையாரும் ஒருங்கே இடர்ப்படுவர். எந்த இடத்தில் அடைத்தால் எது நிற்கும், எது நில்லாது என்னும் அறிவு பெயர்ப்பட்டியலில் இல்லை. இணைப்புகளைக் காட்டும் படத்தில் இருக்கிறது.

உயிரினங்களின் உடலுக்குள்ளும் இத்தகைய சாலைகள் உண்டு. நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகின்றது. சர்க்கரை பத்துப் படிகளைக் கடந்து பைருவிக் அமிலமாகின்றது. அதிலிருந்து உடலுக்கு ஆற்றல் பிறக்கின்றது. ஒவ்வொரு படியையும் ஒரு நொதி நடத்துகின்றது. ஒரு பொருள் மற்றொன்றாக மாறும் இவ்வரிசையையே உயிர்நூலார் வழித்தடம் என்பர். ஓர் உயிரணுவுக்கு வெளியே வந்த செய்தி, புரதங்களின் வாயிலாகக் கைம்மாறிக் கைம்மாறி, உள்ளே இருக்கும் மரபணுவை எட்டுவதும் ஒரு வழித்தடமே. இவ்வழித்தடங்களைப் படமாக்குவது எவ்வாறு, அப்படத்தை ஆராய்ச்சிக்கும் அவையில் எடுத்துரைப்பதற்கும் பயன்படுத்துவது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இப்படக்கலைக்கு வரலாறு உண்டு. இங்கிலாந்திலுள்ள லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டானல்ட் நிக்கல்சன் என்பார், 1955-ஆம் ஆண்டில், அந்நாளில் அறியப்பட்டிருந்த வளர்சிதை மாற்ற வழிகளை ஒரே தாளில் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டினார். பத்தாண்டுகள் கழித்து, 1965-இல், ஜெர்மனியில் கெர்ஹார்ட் மிஷால் என்பார் தொகுத்த பெரிய சுவர்ப்படம் வெளியாயிற்று. உயிர்வேதியியல் கற்பிக்கும் கல்லூரிகள் பலவற்றின் சுவர்களில் இத்தகைய படங்கள் தொங்குவதைக் கண்டிருப்போம். சிலந்தி வலைபோலக் கோடுகள் பின்னிக் கிடக்கும். எழுத்துகள் எள்ளளவினவாக இருக்கும். ஆயினும், பல ஆயிரம் ஆய்வுக் கட்டுரைகளில் சிதறிக் கிடந்த செய்திகள் ஓரிடத்தில் கூடியிருப்பதைக் காணும்போது வியப்புத் தோன்றாமல் இராது.

சுவர்ப்படத்துக்கு ஒரு குறையும் உண்டு. அதனிடம் வினா எழுப்ப இயலாது. "இந்த அம்புக்குறியை ஏன் இங்கே போட்டாய்? யார் கண்டார்? எந்த உயிரினத்தில் கண்டார்?" என்றால் தாள் பேசாது. உறுதியாக நிறுவப்பட்ட படியும், ஊகமாக ஒருவர் கூறிய படியும் ஒரே கறுப்பு மையில் அச்சாகி நிற்கும். இது சிறு குறைதானே என்று எண்ணிவிடலாகாது. இதன் விளைவு நோயாளியின் படுக்கைவரை எட்டக்கூடியது என்பதைக் காசநோயின் வரலாற்றைக்கொண்டு காண்போம்.

காசநோயின் வரலாற்றில் நம் நிலப்பகுதிக்குத் தனியிடம் உண்டு. நாகலாபுரம் சேர்ந்திருந்த அதே பழைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்னுமிடத்தில், 1915-இல் காசநோய்ச் சானடோரியம் ஒன்று தோன்றியது. மருந்து இல்லாத காலம் அது. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகியவையே அன்றைய சிகிச்சை. 1882-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் காக் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்திருந்தார். எனினும் அக்கிருமியை எங்கே தாக்குவது என்பது அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் புலப்படவில்லை.

பின்னர் 1952-இல் ஐசோனியாசிட் என்னும் மருந்து காசநோய்க்கு அரிய மருந்தென உலகுக்குத் தெரியவந்தது. இதில் வேடிக்கை யாதெனில், இப்பொருளை 1912-இலேயே பிராக் நகரில் இரசாயன ஆராய்ச்சியாளர் இருவர் ஆக்கியிருந்தனர்; அதன் மருந்துக்குணம் நாற்பது ஆண்டுகள் எவருக்கும் தெரியாமலே கிடந்தது. சென்னையில் 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்றது. இந்நாளில் சேத்துப்பட்டில் இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் அதன் வழிவந்ததே. வீட்டில் இருந்தவாறே ஐசோனியாசிட்டும் துணைமருந்தும் உட்கொண்ட நோயாளிகள், சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்தனர் என்று 1959-இல் வெளியான அதன் ஆய்வு மெய்ப்பித்தது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றிய ஆய்வு அது.

இவ்வளவு நடந்த பின்னும், ஐசோனியாசிட் கிருமியின் உடலுக்குள் சென்று எந்தச் சாலையை எந்த இடத்தில் அடைக்கின்றது என்பதை எவரும் திட்டமாக அறியவில்லை. மருந்து வேலை செய்தது. அது வேலை செய்த இடமோ புலப்படாமலே இருந்தது. 1992-இல்தான் முதற்கதவு திறந்தது. ஐசோனியாசிட் உட்சென்ற நிலையில் செயலற்றது; கிருமியின் சொந்த நொதியாகிய கேட்-ஜி என்பதே அதனைச் செயலுள்ளதாக்குகின்றது என்று கண்டனர். நச்சுப்பொருளாகிய ஹைட்ரஜன் பெராக்சைடை அழித்துக் கிருமியைக் காப்பதற்கென அமைந்தது அந்நொதி. தன்னைக் காக்கும் காவலனே பகைவனுக்கு வாளெடுத்துக் கொடுப்பது போன்றது இது. 1994-இல் இரண்டாம் கதவு திறந்தது. செயல்பெற்ற மருந்து இன்-ஹா என்னும் மற்றொரு நொதியை முடக்குகின்றது என்பது தெரிந்தது. காசநோய்க் கிருமியின் சுவர் மெழுகுத்தன்மை வாய்ந்தது. மைக்காலிக் அமிலங்கள் என்னும் நீண்ட கொழுப்புச் சங்கிலிகளால் ஆனது. அச்சங்கிலிகளை நீட்டும் வேலையில் பங்குகொள்வது இன்-ஹா. அது முடங்கினால் சங்கிலி நீளாது, சுவர் எழும்பாது, கிருமி மடியும்.

இச்செய்தியைச் சொற்களால் கேட்கும்போது சற்றுக் குழப்பமாக இருக்கலாம். படமாக எண்ணிப் பார்ப்போம். இடப்புறத்தில் ஐசோனியாசிட் என்றொரு வட்டம். அதிலிருந்து ஓர் அம்பு. அம்பின்மேல் வாயிற்காப்போனாகக் கேட்-ஜி. அப்பால் செயல்பெற்ற மருந்து. அதிலிருந்து முனையில் குறுக்குக்கோடு இட்ட ஒரு தடைக்குறி இன்-ஹாவை நோக்கிச் செல்கின்றது. இன்-ஹாவிலிருந்து மைக்காலிக் அமிலம், அதிலிருந்து சுவர். நான்கைந்து குறிகளில் முழுக்கதையும் அடங்கிவிட்டது.

இனி இப்படத்தில் மற்றொரு மருந்தைச் சேர்ப்போம். எத்தியோனமைடு என்பது அதன் பெயர். ஐசோனியாசிட் பயன்படாத நோயாளிக்கு உதவக்கூடிய மருந்து. இதுவும் உட்சென்ற நிலையில் செயலற்றதே. ஆனால் இதனைச் செயலுள்ளதாக்குவது எத்-ஏ என்னும் வேறு நொதி. வாயில்கள் வெவ்வேறு. செயல்பெற்ற பின்னர் இதுவும் சென்று முடக்குவது அதே இன்-ஹாவைத்தான். ஊத்துக்கோட்டைச் சாலையும் திருத்தணிச் சாலையும் புத்தூரில் கூடுவது போன்றது இந்நிலை.

இப்போது படத்தின் பயன் வெளிப்படுகின்றது. கிருமியில் கேட்-ஜியின் மரபணு பழுதுபட்டால் ஐசோனியாசிட் செயல்பெறாது. ஆனால் எத்தியோனமைடின் வாயில் வேறாதலால் அது வேலை செய்யக்கூடும். இதற்கு மாறாக, இன்-ஹாவின் மரபணுப் பகுதியில் மாற்றம் நேர்ந்து அந்நொதி அளவுமிஞ்சி உண்டானால், கூடும் இடத்திலேயே கோளாறு. இரு மருந்தும் ஒருங்கே வலிகுன்றும். அந்நிலையில் ஐசோனியாசிட்டை மிகுந்த அளவில் கொடுத்தால் சில வேளை பயன் கிட்டலாம். முதல்வகைக் கோளாற்றில் அவ்வாறு கிட்டுவது அரிது. "ஐசோனியாசிட்டுக்கு அடங்காத கிருமி" என்னும் ஒரே பெயர்க்குள் இரு வேறு நிலைமைகள் ஒளிந்துள்ளன. இதனாலேயே இந்நாளைய ஆய்வுக்கூடச் சோதனைகள் கேட்-ஜி, இன்-ஹா ஆகிய இரு இடங்களையும் தனித்தனியே நோக்குகின்றன. எந்த மருந்தை விடுத்து எதனைக் கொடுப்பது என்னும் முடிவு அப்படத்தின் ஓர் அம்புக்குறியைப் பற்றி நிற்கின்றது. உலகக் காசநோயாளருள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்தியர் என்பதை நினைந்தால், அந்த அம்புக்குறியின் பொறுப்பு எத்தகையது என்று விளங்கும்.

சிறு படம் ஒன்றை வரைவதற்கே நாற்பதாண்டு சென்றது. கிருமியின் முழுப்படத்தை எவ்வாறு வரைவது? 1998-இல் காசநோய்க் கிருமியின் மரபுத்தொகுதி முழுவதும் படித்து வெளியிடப்பட்டது. நாற்பத்துநான்கு இலட்சம் எழுத்துகள். ஏறத்தாழ 4,000 மரபணுக்கள். ஊர்ப் பெயர்கள் யாவும் கிடைத்துவிட்டன. ஆனால் சாலைகள் தெரியவில்லை. பல ஊர்களில் என்ன தொழில் நடக்கின்றது என்பதும் தெரியவில்லை.

இந்த இடத்தில் நம் நாட்டு முயற்சி ஒன்று நினைவுகூரத் தக்கது. இந்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றம் 2008-இல் திறந்தநிலை மருந்துக் கண்டுபிடிப்பு என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியாக நாட்டின் பல பாகங்களிலுமுள்ள ஆராய்ச்சியாளரும் கல்லூரி மாணவரும் இணையத்தின் வாயிலாக ஒன்றுகூடினர். 'கனெக்ட் டு டிகோட்' என்பது அம்முயற்சியின் பெயர். இணைந்து பொருள் காண்போம் என்பது அதன் கருத்து. கட்டுரைகளைப் படித்து, எந்தப் புரதம் எந்தப் புரதத்தோடு தொடர்புடையது, அத்தொடர்பு எத்தகையது, எவ்வாறு அறியப்பட்டது என்று குறித்துத் தொகுத்தனர். 2012-இல் வெளியான அவர்தம் ஆய்வின்படி, 1,434 புரதங்களும் அவற்றிடையே 2,575 தொடர்புகளும் அப்படத்தில் இடம்பெற்றன. கிருமியின் மரபணுக்களில் 87 விழுக்காட்டுக்கு ஏதேனுமொரு தொழிற்குறிப்பு எழுதப்பட்டது. தேர் ஊரெல்லாம் கூடி இழுத்தால்தான் நகரும். இத்தகைய படமும் அவ்வாறே.

அப்படத்தைக்கொண்டு, எதை அடைத்தால் கிருமியின் வாழ்வு நிலைகுலையும் என்று ஆராய்ந்து, மருந்துக்கு இலக்காகக்கூடிய 17 புரதங்களை அவர்கள் தேர்ந்தனர். அவற்றுள் ஐந்து முன்னரே சோதனைகளால் மெய்ப்பிக்கப்பட்டவை. படம் சரியான திசையில் செல்கின்றது என்பதற்கு அஃது ஒரு சான்று. எஞ்சிய பன்னிரண்டும் அன்றைய நிலையில் கணிப்புகளே. மெய்ப்பிக்கப்பட்டதையும் கணிப்பையும் ஒன்றாகக் கலவாமல் எண்ணிச் சொன்னமையே அவ்வாய்வின் நேர்மைக்கு அழகு.

ஆயிரக்கணக்கான தொடர்புகளைக் கொண்ட இத்தகைய படத்தைத் தாளில் அச்சிட்டால், மயிர்ப்பந்து ஒன்றை ஒட்டிவைத்தாற்போல் தோன்றும். இங்குதான் கணிப்பொறித் திரையில் இயங்கும் ஊடாடும் படங்கள் துணைக்கு வருகின்றன. 1995-இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனேகிசா என்பார் தொடங்கிய கெக் என்னும் தொகுப்பு, பல்வேறு உயிரினங்களின் வழித்தடப் படங்களைத் தருகின்றது. 2003-இல் அறிவிக்கப்பட்ட சைட்டோஸ்கேப் என்னும் கருவி, எந்தத் தொடர்புப் பட்டியலையும் படமாக்க வல்லது. ரியாக்டோம் என்னும் தொகுப்பில் ஒவ்வொரு படிக்கும் உரிய ஆய்வுக் கட்டுரை குறிக்கப்பெறுகின்றது. 2008-இல் வெளியான விக்கிபாத்வேஸ் தளத்தில் எவரும் படத்தைத் திருத்தலாம். யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறும் உடன் நிற்கும். பெங்களூரிலுள்ள உயிர்த்தகவலியல் நிலையத்தார் பிற நாட்டு அறிஞருடன் கூடித் தொகுத்து 2010-இல் அறிவித்த நெட்பாத் என்னும் தொகுப்பு, நோய்த்தடுப்பையும் புற்றுநோயையும் சார்ந்த 20 செய்திவழிகளை அப்போது கொண்டிருந்தது.

இப்படங்கள் ஆராய்ச்சியாளருக்கு நான்கு வகையில் உதவுகின்றன. முதலாவது, அண்மையும் சேய்மையும். தொலைவிலிருந்து நோக்கினால் பெரும்பிரிவுகள் மட்டும் தெரியும். நெருங்கினால் தனித்தனிப் படிகள் தெரியும். இரண்டாவது, ஆதாரம். ஒரு கோட்டைத் தொட்டால் அதற்குரிய சோதனையும் கட்டுரையும் திறக்கும். மூன்றாவது, அளவைகளை ஏற்றிப் பார்த்தல். மருந்திட்ட பின்னர் எந்த மரபணு மிகுந்தது, எது குறைந்தது என்னும் ஆய்வுக்கூட எண்களைப் படத்தின்மேல் வண்ணங்களாக விரிக்கலாம். பட்டியலில் புலப்படாத ஒழுங்கு அப்போது கண்ணிற்படும். ஒரே சாலையிலுள்ள ஐந்து நொதிகளும் சேர்ந்து மிகுந்திருந்தால், அச்சாலை எங்கோ அடைபட்டது போலும் என்று ஐயுற வழியுண்டு. நான்காவது, நீக்கிப் பார்த்தல். ஒரு புரதத்தைப் படத்தினின்று எடுத்துவிட்டு, எவை துண்டுபட்டு நிற்கின்றன, எவை மாற்றுவழியால் பிழைக்கின்றன என்று காணலாம். இதன் பயனாகப் பிறப்பது ஐயம். ஐயத்தைத் தீர்ப்பது ஆய்வுக்கூடத்துச் சோதனை. இவ்வேறுபாட்டை மறக்கலாகாது.

குறியீடுகளிலும் ஒழுங்கு வேண்டும். ஒருவர் அம்பு என்று வரைவதை மற்றொருவர் வேறு பொருளில் கொண்டால் படம் பிணக்குக்கு இடமாகும். சாலையோரப் பலகைகள் நாடெங்கும் ஒரே குறியில் இருப்பதால் அன்றோ ஓட்டுநர் இடர்ப்படுவதில்லை? அதுபோல, உயிரியல் படங்களுக்கான பொதுக்குறியீட்டு முறையொன்றை அறிஞர் பலர் கூடி 2009-இல் வெளியிட்டனர். மாற்றம், தூண்டல், தடை ஆகியவற்றுக்கு அதில் வெவ்வேறு குறிகள் உள்ளன.

படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதனுள் ஓர் அபாயம் உண்டு. வரையப்பட்ட கோடு உண்மைபோலத் தோன்றும். "இருக்கலாம்" என்று கட்டுரையில் எழுதியவர், படத்தில் அதே செய்தியை அம்பாக வரையும்போது "இருக்கலாம்" மறைந்துவிடுகின்றது. அடுத்தவர் அப்படத்தைப் பார்த்துத் தம் படத்தில் வரைகின்றார். மூன்றாமவர் பாடநூலில் சேர்க்கின்றார். பலர் வரைந்தமையே சான்றாகிவிடுகின்றது.

காசநோய் மருந்துகளிலேயே இதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. பைரசினமைடு என்னும் மருந்து கிருமிக்குள் பிஎன்சி-ஏ என்னும் நொதியால் பைரசினோயிக் அமிலமாக மாறுகின்றது. இது நன்கு நிறுவப்பட்ட படி. அவ்வமிலம் பின்னர் எதனைத் தாக்குகின்றது? ஆர்பி-எஸ்ஏ என்னும் புரதத்தைத் தாக்குகின்றது என்று 2011-இல் ஓர் ஆய்வு கூறிற்று. 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வு அக்கருத்தை ஏற்கவியலாது என்று காட்டியது. அண்மைக்கால ஆய்வுகள் கோஎன்ஸைம்-ஏ ஆக்கும் வழியிலுள்ள பான்-டி என்னும் புரதத்தைச் சுட்டுகின்றன. 2012-இல் முழுக்கோடாக வரைந்த படத்தை இன்றும் சுவரில் வைத்திருப்பவர், மாணவருக்கு எதைக் கற்பிப்பார்? நேர்மையான படத்தில் முதற்படி முழுக்கோடாகவும், அடுத்தபடி புள்ளிக்கோடாகவும் இருக்கும். அப்புள்ளிக்கோட்டைத் தொட்டால் இருதரப்பு ஆய்வுகளும் தம் ஆண்டுகளோடு திறக்கும். விஞ்ஞானத்தில் கருத்து மாறுவது இழுக்கன்று. மாறியதை மறைக்கும் படமே இழுக்கு.

ஆதலால் வழித்தடப் படம் வரைவோர் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுதல் வேண்டும். அதே உயிரினத்தில் நேரடிச் சோதனையால் அறிந்தது ஒன்று. ஒத்த உயிரினத்தில் கண்டு, இதிலும் இருக்கக்கூடும் எனக் கொண்டது மற்றொன்று. கணிப்பொறி கணித்தது மூன்றாவது. நிலத்தை அளந்து எழுதிய எல்லையும், அக்கம்பக்கத்தார் வாய்மொழியும், தரகர் ஊகமும் ஒரே பத்திரத்தில் ஒரே மதிப்பில் ஏறினால் நாம் ஒப்புவோமா? ஒவ்வோர் அம்புக்குறியும், "நீ எவ்வாறு அறிந்தாய்?" என்னும் வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டது. ஊடாடும் படத்தின் உயர்ந்த பயன் அந்த விடையை நம் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பதே; வண்ணமும் அசைவும் அதற்கு அடுத்த நிலையின.

இனி, அவையில் எடுத்துரைப்பதைப் பற்றிச் சில சொற்கள். ஆராய்ச்சியாளர் தம் மேசையில் பயன்படுத்தும் படத்தை அப்படியே அவையில் விரித்துவிடுவதால் வரும் தொல்லை அனைவரும் அறிந்ததே. நூறு பெட்டிகளும் முந்நூறு கோடுகளும் ஒரே கணத்தில் திரையில் தோன்றும். அவையோர் எதை நோக்குவது என்றறியாமல் திகைப்பர், சிலர் உறங்குவர்.

நாகலாபுரத்து வேதநாராயணப் பெருமாள் கோயிலில் நிகழும் சூரிய பூசையை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தம் அன்னையின் பெயரால் அமைத்த ஊர் என்று கூறப்படும் அவ்வூரில், பெருமாள் மச்சாவதாரக் கோலத்தில் நிற்கின்றார். பங்குனியில், மாலைக் கதிரவனின் ஒளி கோபுர வாயில் வழியே உள்ளே புகுந்து, முதல் நாள் திருவடியிலும், இரண்டாம் நாள் திருமேனியின் இடைப்பகுதியிலும், மூன்றாம் நாள் திருமுடியருகிலும் படும். திருவுருவம் என்னவோ முழுமையாக அங்கேயே நிற்கின்றது. ஒளி மட்டும் ஒவ்வோரிடமாகச் செல்கின்றது. காண்போர் கண்ணும் கருத்தும் அவ்வொளியைப் பின்பற்றுகின்றன. அவையில் படத்தை விளக்குவோரும் அவ்வாறே செய்தல் நன்று. முழுப்படத்தை மங்கலாக வைத்து, பேசும் பகுதியை மட்டும் ஒளியூட்டிக் காட்டலாம். முதலில் மருந்து, பின்னர் வாயில், பின்னர் தடைபடும் இடம், இறுதியில் சுவர். ஒரு வேளையில் ஒரு செய்தி.

வேறு சில நடைமுறைகளும் உண்டு. பச்சை மிகுதி, சிவப்பு குறைவு என்று வண்ணத்தை மட்டும் நம்பினால், இவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாத பார்வையுடையோர் ஏமாறுவர். ஆண்களில் இத்தகையோர் அரியரல்லர். வண்ணத்தோடு குறியோ தடிப்போ சேர்ந்திருத்தல் நலம். எதை விடுத்தோம் என்பதைப் படத்தின் அடியில் ஒரு வரியில் சொல்லுதல் வேண்டும். சுருக்குவது குற்றமன்று, சுருக்கியதைச் சொல்லாமை குற்றம். திருத்திய தேதியையும் குறித்தல் வேண்டும்.

அவை என்பது விஞ்ஞானிகளின் மாநாடு மட்டுமன்று. ஊர்ச் சுகாதார நிலையத்துத் திண்ணையும் ஓர் அவைதான். காசநோயாளி ஒருவர் இரண்டு மாதத்தில் இருமல் தணிந்ததும், "நோய் போய்விட்டதே, ஆறு மாதம் எதற்கு? இத்தனை மாத்திரை எதற்கு?" என்று கேட்பது இயல்பு. "மருத்துவர் சொன்னார், உட்கொள்ளுங்கள்" என்பது ஒரு விடை. படத்தைக் காட்டுவது அதினும் நல்ல விடை. ஐசோனியாசிட் சுவரின் மெழுகை நிறுத்துகின்றது. எத்தாம்புடால் அம்மெழுகைத் தாங்கும் கீழ்ச்சுவரை நிறுத்துகின்றது. ரிஃபாம்பிசின் மரபணுவின் கட்டளைகளைப் படியெடுக்கும் நொதியை முடக்குகின்றது. ஒரு சாலையை மட்டும் அடைத்தால், கோடிக்கணக்கான கிருமிகளுள் ஏதோ ஒன்று மாற்றம் பெற்றுத் தப்பிவிடும்; பல சாலைகளை ஒரே வேளையில் அடைத்தால் தப்புவது அரிது. ஆறு மாதம் ஏனெனில், உறங்கிக் கிடக்கும் கிருமிகள் சிலவும் உண்டு. இருமல் தணிந்த பின்னும் அவை மிஞ்சியிருக்கும். மூன்று சாலைகள் கொண்ட சிறு படம் இதற்குப் போதும். பாதியில் மாத்திரையை நிறுத்திவிட எண்ணுபவருக்கு அப்படம் ஒரு காரணத்தைத் தருகின்றது. காரணம் அறிந்தவர் கட்டளையைக் கடைப்பிடிப்பது எளிது.

ஆனால் அப்படத்தின் சொற்கள் எம்மொழியில் உள்ளன? இன்று கிடைக்கும் வழித்தடப் படங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. விக்கிபாத்வேஸ் தளத்தின் படங்கள் எவரும் எடுத்தாளத் தக்க பொதுவுடைமையாக வழங்கப்படுகின்றன. அவற்றைத் திருத்தி வரைவதற்கான பாத்விசியோ என்னும் கருவியும் விலையின்றிக் கிடைக்கின்றது. நாகலாபுரம் போன்ற எல்லையூர்களில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. ஒரே படத்தை இரு மொழியிலும் ஆக்கினால் இரு மொழியாரும் பயன்பெறுவர். புரதத்தின் பெயர் உலகெங்கும் ஒன்றே. அது என்ன செய்கின்றது என்பதை அவரவர் மொழியில் எழுதத் தடையில்லை. உயிரியல் கற்கும் மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அம்புக்கும் உரிய கட்டுரையைத் தேடிப் படித்து, தமிழில் பெயரிட்டு, உறுதியானதை முழுக்கோடாகவும் ஐயமானதைப் புள்ளிக்கோடாகவும் வரைந்தாரானால், அவர் பெறும் கல்வி தேர்வுக்கு மனப்பாடம் செய்வதினும் பன்மடங்கு ஆழமானதாக இருக்கும். அப்படம் மறு ஆண்டு மாணவருக்கும், அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கும் உதவும்.

தொடங்குவதற்கு ஐசோனியாசிட்டின் வழியே தக்கது. ஐந்தாறு குறிகள், இரண்டு வாயில்கள், ஒரு கூடுமிடம் ஆகியவையே அதிலுள்ளவை. அவற்றைச் சரியாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் சான்று சேர்த்து முடித்தவருக்கு, அடுத்த படத்தை எங்கே தொடங்குவது என்பது தானே விளங்கும்.